கேன்வாஸ் ஒன்று, கல்லறை இரண்டா?

ஆராதனைப் பாடல் ஒலிக்க, மேடை ஓரத்தில் இரண்டு மூன்று ஓவியர்கள் ஒரே கேன்வாஸில் தீட்டுகிறார்கள். பாடல் முடிவதற்குள் படம் உருவாகிவிடுகிறது. 'லைவ் பெயிண்டிங்' எனும் இந்த ஊழியத்தை நாம் வரவேற்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது பிரசங்கம். ஒருவர் இழுத்த கோட்டை இன்னொருவர் தொடர்வதில் சமத்துவத்தின் சாயலும் இருக்கிறது.

ஆனால் தோழர்களே, நாம் கேட்க வேண்டியது இதுதான்: தூரிகை யார் கையில்? கிறிஸ்துவுக்கு யாருடைய முகம்? இன்னும் எத்தனை காலம் வெள்ளைத்தோல் இயேசு?

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் 'பரட்டை' தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பறைக்கு அங்கே இடம் கிடைத்தது. சேர்ந்து பொங்கி, சேர்ந்து உண்ணும் 'ஒரு உலை'யையே அவர் இறையியலாகப் பேசினார்.

அந்த உலை இன்னும் கொதிக்கவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதி பார்த்துப் பிரிக்கச் சுவர் எழுப்பினார்கள். எறையூரில் 2008இல் தலித் கிறித்தவர்கள் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டபோது அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் கிறித்தவர்களே.

மேடையில் கேன்வாஸைப் பகிர்வது எளிது. கல்லறையைப் பகிர்வதுதான் ஊழியம். ஓவியர்களே, கேன்வாஸைச் சேரிக்குக் கொண்டு வாருங்கள். எங்கள் பிள்ளைகள் கையிலும் தூரிகை கொடுங்கள். முதல் படமாக அந்தச் சுவரை வரைவோம், இடிந்து விழுவதாக.