மஸ்ட் நாட் என்றால் 'வேண்டியதில்லை' அல்ல!

பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குப் பொறுமை பழகியிருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிற ஒருவர், "தமிழில் யோசிக்கிற வரைக்கும் உங்களுக்கு இங்கிலீஷ் வராது, முதலில் தமிழை மூட்டை கட்டி வையுங்கள்" என்கிறார். பத்துப் பதினைந்து பேர் கைதட்டி வைத்திருந்தீர்கள். "கரெக்ட்தானே டீச்சர்?" என்று ஒருவன் கேட்டிருந்தான்.

கரெக்ட் இல்லையப்பா. தப்பு. ஏன் என்று சொல்கிறேன். முதலில் என் தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் அம்மாவுக்கு மூட்டுவலிக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கூடவே ஆங்கிலத்தில் ஒரு குறிப்புச் சீட்டு. வெறும் வயிற்றில் 'மஸ்ட் நாட்' என்று போட்டிருந்தது. இவள் அதை 'வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும் என்பதில்லை, எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம்' என்று புரிந்துகொண்டாள். அம்மா நாலு நாள் காலையில் பச்சைத் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கி, வயிற்றெரிச்சலில் துடித்திருக்கிறார். நல்லவேளை, அதோடு போயிற்று. "நீங்க சொல்லிக் கொடுத்தபடிதானே டீச்சர் படிச்சேன்?" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவள் சொன்னது உண்மை. கரும்பலகையில் நான் எழுதிப் போட்ட அட்டவணை உங்களுக்கும் நினைவிருக்கும். கேன் - முடியும். மே - லாம். மஸ்ட் - வேண்டும். நாட் - இல்லை. மஸ்ட்டையும் நாட்டையும் கூட்டினால்? 'வேண்டியதில்லை'. கணக்குச் சரி, அர்த்தம் நேர் எதிர். மஸ்ட் நாட் என்றால் 'கூடாது'. 'வேண்டியதில்லை' என்பதற்கு ஆங்கிலத்தில் நீட் நாட், அல்லது டோன்ட் ஹாவ் டு.

இப்போது கேட்கிறேன். இந்தப் பிழையைச் செய்தது தமிழா? 'சாப்பிடக் கூடாது' என்பதற்கும் 'சாப்பிட வேண்டியதில்லை' என்பதற்கும் வித்தியாசம் தெரியாத தமிழ்க் குழந்தை உண்டா? "அடுப்புகிட்ட போகக் கூடாது", "இன்னைக்கு ஸ்கூலுக்குப் போக வேண்டியதில்லை". இரண்டையும் குழப்பிக்கொண்ட பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. வித்தியாசம் அவர்கள் வாயிலேயே இருந்தது. அதை எடுத்து ஆங்கிலத்தோடு சேர்த்துக் காட்டாமல், ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று ஒட்டிவிட்டது நான்தான்.

"தமிழில் யோசிப்பதால்தானே 'ஐ கேன் ஏபிள் டு' என்கிறார்கள்?" என்று அந்த வீடியோக்காரர் கேட்கலாம். தமிழில் யாராவது 'என்னால் முடிய முடியும்' என்கிறார்களா? கேனுக்கும் 'முடியும்', ஏபிளுக்கும் 'முடியும்' என்று மனப்பாடம் செய்தவன்தான் இரண்டையும் சேர்த்துப் போடுகிறான். அது அட்டவணை செய்த வேலை.

இன்னும் பாருங்கள். மேக்கும் மைட்டுக்கும் என்ன வித்தியாசம்? "மைட் என்பது மேயின் பாஸ்ட் டென்ஸ்" என்று ஒப்பிப்பார்கள். நாளைக்கு மழை வருமா என்று கேட்டால் மைட் போடுகிறார்களே, அது என்ன பாஸ்ட் டென்ஸ்? நம் ஊரில் கேட்டுப் பாருங்கள். "அவன் வரலாம்" என்றால் மே. "வந்தாலும் வருவான்" என்றால் மைட், சந்தேகம் ஒரு படி கூட. இன்றையப் பேச்சில் இரண்டும் நெருங்கிவிட்டன என்றாலும் அந்த ஒரு படி இருக்கிறது.

'வேண்டும்' என்ற ஒரே சொல் மஸ்ட்டுக்கும் ஷுட்டுக்கும் வந்து குழப்பும் என்பார்கள். குழப்பாது. "டாக்டரைப் பார்த்தே ஆகணும்" என்றால் மஸ்ட். "பார்க்கிறது நல்லது" என்றால் ஷுட். "விளக்கு எரியுது, ஆள் உள்ளேதான் இருக்கணும்" என்று ஊகிக்கிறோமே, அங்கேயும் ஆங்கிலக்காரன் மஸ்ட்தான் போடுகிறான்.

ஷல்லுக்குப் பக்கம் பக்கமாக விதி எழுத வைத்தோம். ஐ, வீக்கு ஷல், மற்றதற்கெல்லாம் வில் என்பது 1653-இல் ஜான் வாலிஸ் என்பவர் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் சொன்ன விதி. இன்று பேச்சில் ஷல் பெரும்பாலும் கேள்வியில்தான் வருகிறது. 'ஷல் ஐ' என்றால் "கதவைத் திறக்கட்டுமா?" 'ஷல் வீ' என்றால் "போகலாமா?" முடிந்தது பாடம்.

'குட் யூ' என்று கேட்பது மட்டும் ஏன் மரியாதை? ஆங்கிலத்தில் நீக்கும் நீங்களுக்கும் ஒரே 'யூ'. நமக்கு 'ங்க' போட்டால் மரியாதை வந்துவிடும். அவர்களுக்கு அந்த 'ங்க' கிடையாது. அதனால் குட்டும் வுட்டும் அந்த வேலையைச் செய்கின்றன. இப்படிச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். "குட் என்பது கேனின் பாஸ்ட் டென்ஸ்" என்று மட்டும் சொன்னால் எம்.ஏ. படித்தவனுக்கும் புரியாது.

எல்லாச் சொல்லும் இப்படிக் கச்சிதமாகப் பொருந்தாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். சரளமாகப் பேச ஆங்கிலத்தை நிறையக் கேட்க வேண்டும், பேச வேண்டும். அதையும் மறுக்கவில்லை. பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கும் 'ஆங்கில வகுப்பில் தாய்மொழி நுழையக் கூடாது' என்றுதான் சொன்னார்கள். ஆனால் 1967-லேயே சி.ஜே. டாட்சன் என்பவர் தாய்மொழியைத் துணைக்கு வைத்துக்கொண்டு சொல்லித் தரும் இருமொழி முறை பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். எங்கள் காதுக்கு அது வந்து சேரவில்லை. நாங்களும் தேடவில்லை.

ஆகவே, வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழை மூட்டை கட்டச் சொல்லாதீர்கள். "இந்த இடத்தில் நீ தமிழில் எப்படிச் சொல்வாய்? முழு வாக்கியமாகச் சொல்லு" என்று கேளுங்கள். கூடாதா, வேண்டியதில்லையா, வரலாமா, வந்தாலும் வருவானா என்று அவர்களே பிரித்துச் சொல்வார்கள். அதன் பிறகு ஆங்கிலச் சொல்லைக் கொடுங்கள்.

நான் போட்ட அந்தப் பழைய அட்டவணை இன்னும் யார் மண்டையிலாவது இருந்தால் அழித்துவிடுங்கள். என் மன்னிப்போடு.

கடைசியாக வீட்டுப்பாடம். 'எல்லோரும் பதில் போட வேண்டியதில்லை. ஆனால் யாரும் காப்பி அடிக்கக் கூடாது.' இந்த இரண்டு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். திருத்தித் தருகிறேன்.