தலைக்கு 740 ரூபாய்

ஏலகிரி மலைமேல் ஒரு விடுதியில் அண்மையில் தோல் ஏற்றுமதியாளர்கள் கூடினார்கள். விமானத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் அங்கே பேசினார். விமானம் ரத்தானாலோ தாமதமானாலோ பயணிக்கு நட்டஈடு தரவேண்டும் என்பதே தவறான கோரிக்கை என்றார். பறப்பவர்கள் வசதி உள்ளவர்கள், மலிவு டிக்கெட் வாங்கியவருக்குப் பெரிய உரிமைகள் கிடையா, 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ரத்தானது அரசு விதியால் வந்த வினை, நட்டஈட்டுக்குப் பயந்தால் பாதுகாப்பு கெடும். இவைதான் அவர் வாதங்கள். கூட்டம் கைதட்டியது. அவர் பெயர் இங்கே தேவையில்லை. இப்படிப்பட்ட வாதங்களை உலகெங்கும் விமான நிறுவனங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நான்கும் பொய்யானவை. அவற்றை நம் ஊரில் வந்து சொல்லிவிட்டு மறுப்பில்லாமல் ஒருவர் மலையிறங்கிப் போகக் கூடாது.

வசதி உள்ளவர்கள் என்றாரே, யாரைச் சொன்னார்? மலையடிவாரத்து ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு மணி நேரத்துச் சொச்சம் ரயிலில் போனால் காட்பாடி. அங்கே இறங்கி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் லாட்ஜ் பலகைகள் வங்காள மொழியில் இருக்கும். கொல்கத்தா, குவாஹாத்தி, ராஞ்சி பக்கங்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். இரண்டு நாள் ரயிலில் உட்கார முடியாத உடம்பு என்பதால் கடன் வாங்கி விமானத்தில் வருபவர்கள் அவர்களில் உண்டு. டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி தவறினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களுக்கெல்லாம் லாட்ஜ் வாடகை ஏறும். ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். லீவு முடியும் தேதியில் அங்கே போய்ச் சேராவிட்டால் வேலையே ஆட்டம் காணும். ஷூ கம்பெனிகளின் மெர்ச்சண்டைசர்கள் சாம்பிள் பெட்டியோடு மிலானுக்கும் டெல்லிக்கும் ஓடுகிறார்கள். இவர்களில் யார் பணக்காரர்?

வேலூர் அப்துல்லாபுரத்தில் ஓடுதளம் இருக்கிறது. உடான் திட்டத்தில் அதைச் சீரமைத்தும் பயணிகள் விமானத்துக்காக இந்தப் பகுதி இன்னும் காத்திருக்கிறது. அதுவரை நமக்குச் சென்னை மீனம்பாக்கம், இல்லையேல் பெங்களூரு தேவனஹள்ளி. விடியற்காலை விமானத்துக்கு நள்ளிரவே கார் எடுத்துக் கிளம்ப வேண்டும். விமான நிலைய வாசலில் ‘ரத்து’ என்று தெரியவரும்போது கார் வாடகை, தூக்கம், ஒரு நாள் சம்பளம் எல்லாம் ஏற்கெனவே போயிருக்கும். சென்னைவாசி ஆட்டோ பிடித்து வீட்டுக்குத் திரும்பலாம். ஆம்பூர்க்காரர் திரும்ப 180 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும்.

‘மலிவு டிக்கெட்’ வாதத்துக்கு உச்ச நீதிமன்றம் 2011-லேயே பதில் சொல்லிவிட்டது. 2007 டிசம்பரில் டெல்லியில் மூடுபனி. ஹைதராபாத் விமானம் பல மணி நேரம் புறப்படவில்லை. பயணிகள் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அது குறித்து வந்த வழக்கில், பனிக்கு விமான நிறுவனம் பொறுப்பல்ல என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் குறைந்த கட்டணச் சேவை என்பதைக் காரணம் காட்டி, சிக்கிய பயணிக்குச் செய்யவேண்டிய அடிப்படை உதவியைத் தட்டிக்கழிக்க முடியாது என்றும் தெளிவாகச் சொன்னது. விமானத் துறையிலேயே வாழ்ந்த ஒருவருக்கு இந்தத் தீர்ப்பு தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை. தெரிந்தே மறைத்தார்.

இனி 2025 டிசம்பருக்கு வருவோம். அவர் பேச்சிலேயே மிகக் கேடான பகுதி இதுதான்.

விமானிகளின் பணி நேரத்தையும் ஓய்வையும் வரையறுக்கும் புதிய விதிகளை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் வெளியிட்டது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமானது. இரவு நேரத் தரையிறக்கங்களுக்கும் கடும் கட்டுப்பாடு வந்தது. நடைமுறைக்கு வருவது தள்ளிப்போய், முதல் கட்டம் 2025 ஜூலை 1, இரண்டாம் கட்டம் நவம்பர் 1 என்று முடிவானது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவகாசம். அதே விதி ஏர் இந்தியாவுக்கும் ஆகாசாவுக்கும் உண்டு. ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்துசெய்தது இண்டிகோ மட்டும்தான். டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாளில் 2,507 விமானங்கள் ரத்து, 1,852 தாமதம், சிக்கியவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். காரணத்தை ஆராய்ந்த இயக்குநரகம், கையிலிருந்த ஆளையும் விமானத்தையும் எல்லை மீறிப் பிழிந்தது, புதிய விதிக்குத் தயாராகாதது, மென்பொருளிலும் நிர்வாகத்திலும் குறைபாடு என்று நிறுவனத்தின் மீதே விரலை நீட்டியது. இதைத்தான் மேடையில் நின்று ‘அரசு விதியால் வந்த வினை’ என்றார் அவர். தேர்வுத் தேதியை இரண்டு ஆண்டு முன்னரே அறிந்தும் படிக்காத மாணவன் வினாத்தாள் மேல் பழிபோடுவது போன்றது இது.

அந்தப் பழிக்கு ஒரு கணக்கும் இருக்கிறது. நம் விதிகளில் ‘அசாதாரணச் சூழ்நிலை’ என்ற விலக்கு உண்டு: வெள்ளம், கலவரம், அரசு உத்தரவு, வேலைநிறுத்தம் போன்ற, நிறுவனத்தின் கைமீறிய காரணங்களால் ரத்தானால் நட்டஈடு இல்லை. தன் ஆள் பற்றாக்குறையை ‘அரசு உத்தரவு’ என்று எழுதிவிட்டால் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். ஐரோப்பாவில் இந்த வாசலை நீதிமன்றங்கள் அடைத்துவிட்டன. வழக்கமான இயந்திரக் கோளாறு அசாதாரணம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-ல் சொன்னது. நிர்வாக மாற்றத்தை எதிர்த்து ஊழியர்கள் கூட்டமாக மருத்துவ விடுப்பு எடுத்ததும் அசாதாரணம் ஆகாது என்று 2018-ல் சொன்னது. ஊழியரை வைத்து நடத்துவது நிறுவனத்தின் அன்றாட வேலை என்பதே அதன் அடிப்படை.

பாதுகாப்பு கெடும் என்ற வாதம் கேட்கப் பொறுப்பானதுபோல் இருக்கும். ஆனால் டிசம்பரில் உண்மையில் நடந்தது என்ன? நெருக்கடி முற்றியதும், விமானிகளின் களைப்பைக் குறைக்க வந்த அதே விதிகளிலிருந்துதான் இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்குக் கொடுக்கப்பட்டது. திட்டமிடாதவன் செய்த தவறுக்கு விமானியின் தூக்கம் பலியானது. நட்டஈடு கடுமையாக இருந்திருந்தால், நவம்பருக்கு முன்பே ஆள் எடுப்பதுதான் மலிவு என்று நிறுவனத்தின் கணக்குப் பிள்ளைகளே சொல்லியிருப்பார்கள். ரத்துசெய்வது மலிவாக இருந்ததால்தான் பாதுகாப்பு விதி வளைந்தது. மோசமான வானிலைக்குப் பொதுவாக நட்டஈடு கிடையாது என்பதையும் அவர் சொல்லாமல் விட்டார்.

எவ்வளவு மலிவு என்று பாருங்கள். உரிய நேரத்தில் தெரிவிக்காமல் ரத்துசெய்தால், ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. ஆனால் இந்தத் தொகை, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு 4,000 ரூபாய் அடிப்படைக் கட்டணத்தில் டிக்கெட் எடுத்த நோயாளிக்கு நட்டஈடு 4,000. டிசம்பர் 6 அன்று அரசு கட்டண உச்சவரம்பு போட்ட பிறகும், அந்தத் தூரத்துக்கு வரி சேராமல் 15,000 வரை மற்ற நிறுவனங்களால் வாங்க முடிந்தது. டிக்கெட் பணமும் நட்டஈடும் சேர்ந்தாலும் வீடு போய்ச் சேரப் போதாது. தாமதத்துக்கோ ரொக்கமாக ஒன்றுமே இல்லை: சாப்பாடு, ஆறு மணி நேரம் தாண்டினால் மாற்று விமானம் அல்லது டிக்கெட் பணம், சில நேரங்களில் ஓட்டல் அறை, அவ்வளவே. ஐரோப்பாவில் மூன்று மணி நேரத் தாமதத்துக்கே 250 முதல் 600 யூரோ. ஐரோப்பாவும் அதைக் குறைக்கப் பார்க்கிறதே என்பார்கள். 2025 ஜூனில் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் காலவரம்பைக் கூட்ட ஒப்புக்கொண்டது உண்மை. ஐரோப்பிய நாடாளுமன்றம் அதை எதிர்த்ததும் உண்மை.

பாதிக்கப்பட்டவர்களுக்கு 10,000 ரூபாய் வவுச்சர் அறிவித்தார்களே என்று அவர் பெருமையாகச் சொன்னார். நடுவழியில் கைவிட்ட அதே நிறுவனத்தில் பன்னிரண்டு மாதத்துக்குள் மறுபடி டிக்கெட் எடுத்தால்தான் அந்த வவுச்சர் பயன்படும். சிகிச்சை முடிந்து வீடு போன நோயாளிக்கு அதை வைத்து என்ன செய்ய? இயக்குநரகம் இண்டிகோவுக்கு விதித்த அபராதம் 22.20 கோடி ரூபாய். மூன்று லட்சம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 740 ரூபாய். அதுவும் பயணிக்குப் போகவில்லை.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அதைப் பேச்சாளர் தொடவே இல்லை. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் பலர் டிராவல்ஸ் கடையில்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். கடைக்காரர் தன் போன் நம்பரையே பதிந்துவிடுகிறார். ரத்துச் செய்தி அந்த நம்பருக்குப் போகிறது, பயணிக்குத் தெரிவதில்லை. சரியான தொடர்பு விவரம் தராதவருக்கு நட்டஈடு கிடையாது என்று விதியிலேயே இருக்கிறது. ஆகவே டிக்கெட்டில் உங்கள் நம்பர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தாலும் ரீஃபண்ட் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே. ஏஜென்டிடம் போய்க் கேள் என்று அவர்கள் கைகாட்ட முடியாது. வெளிநாட்டுப் பயணம் என்றால் இந்தியா 2009-ல் சேர்ந்த மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது. தாமதத்தால் நேர்ந்த இழப்பை நிரூபித்தால் 6,303 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு) வரை, அதாவது ஏழு லட்சம் ரூபாய்க்கு மேல், கேட்கலாம். சாம்பிள் பெட்டி வந்து சேரத் தாமதமானால், அது கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும்.

கைதட்டிய ஏற்றுமதியாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். சரக்கு ஒரு வாரம் தாமதமானால் ஜெர்மனி பையர் உங்களை விடுகிறாரா? பில்லில் பிடித்துக்கொள்கிறார், அல்லது உங்கள் செலவில் விமானத்தில் அனுப்பச் சொல்கிறார். ரசாயனம் வரவில்லை, மின்சாரம் இல்லை, ஆள் இல்லை என்றால் காதில் வாங்குவதில்லை. அந்தக் கண்டிப்புக்குப் பயந்துதான் நீங்கள் முன்கூட்டியே தோல் வாங்கி வைக்கிறீர்கள், ஷிஃப்ட் போடுகிறீர்கள், ஆம்பூர் ஷூ தேதிக்குப் போய்ச் சேருகிறது. உங்கள் தலைமேல் உள்ள அந்தப் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு மட்டும் ஏன் வேண்டாம்?

மாற்றவேண்டியது தெளிவு. ‘எது குறைவோ’ என்பது ‘எது அதிகமோ’ என்றாக வேண்டும். பயணி மனுப்போட்டு அலையாமல், டிக்கெட்டுக்குப் பணம் வந்த அதே கணக்குக்கு நட்டஈடு தானாகத் திரும்ப வேண்டும். ஆள் பற்றாக்குறை விலக்கு ஆகாது என்று விதியில் எழுத வேண்டும்.

அதற்கெல்லாம் டெல்லி மனம்வைக்கும்வரை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கையில் இருக்கிறது. வாணியம்பாடியில் குடியிருப்பவர் இண்டிகோவின் தலைமையகம் இருக்கும் குருகிராமுக்குப் போய் வழக்காட வேண்டியதில்லை. தான் வசிக்கும் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப்போடலாம், வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணம் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு. 2025 டிசம்பரில் மீனம்பாக்கத்திலும் தேவனஹள்ளியிலும் தரையில் படுத்துக்கிடந்தவர்களுக்கு 2027 டிசம்பர் முதல் வாரம் வரை நேரம் இருக்கிறது. டிக்கெட், ரத்துச் செய்தி, கார் வாடகை ரசீது, லாட்ஜ் ரசீது ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.