பிள்ளையின் கையில் எந்தப் படக்கருவி?



பள்ளி விடுமுறை நெருங்கும் வேளைகளில் பெற்றோர் சிலர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, பையன் படம் எடுக்க ஆசைப்படுகிறான். எந்தக் கேமரா வாங்கிக் கொடுக்கலாம்?" என்பார்கள். வேறு சிலரோ, "கையில் கைப்பேசி இருக்கும்போது தனியாகக் கேமரா எதற்கு?" என்பார்கள். இரண்டு கேள்விகளும் கருவியைத்தான் பார்க்கின்றன. பிள்ளை எதைப் பார்க்க விரும்புகிறது என்று எவரும் கேட்பதில்லை.

இதில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குப் புத்தம் புதிய, விலையுயர்ந்த படக்கருவி தேவையில்லை. கைப்பேசியும் ஏற்றதன்று. தானே தேர்வு செய்யவும், தவறு செய்து திருத்திக்கொள்ளவும் இடங்கொடுக்கும் ஓர் எளிய படக்கருவி போதும். அது பள்ளிக்குச் சொந்தமான பொதுக் கருவியாக இருந்துவிட்டால் இன்னும் நன்று.

கைப்பேசி போதாதா?

கைப்பேசியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பிறந்தநாள், திருமணம், உணவுத்தட்டு என அன்றாடப் படங்களுக்கு அதைவிட வசதியான கருவி இல்லை. ஆனால், கைப்பேசியில் பொத்தானை அழுத்தும்போது நடப்பது என்ன? கண்ணிமைக்கும் நேரத்தில் அது பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாக அடுக்கி, இருண்ட பகுதியை வெளிச்சமாக்கி, வானத்தின் நீலத்தைக் கூட்டி, முகத்தை மெருகேற்றி ஒரே படமாகத் தருகிறது. முடிவுகள் அனைத்தையும் எடுப்பது கருவியே.

2023 மார்ச்சில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆர்வலர் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப்படம் ஒன்றைக் கணினித் திரையில் காட்டி, அதைப் புகழ்பெற்ற கைப்பேசி ஒன்றால் படம் எடுத்தார். திரையில் இல்லாத மேடு பள்ளங்கள் எல்லாம் கைப்பேசிப் படத்தில் துல்லியமாகத் தோன்றின. தங்கள் கருவி நிலாவை அடையாளம் கண்டு, செயற்கை நுண்ணறிவின் துணையால் நுணுக்கங்களை மேம்படுத்துகிறது என அந்நிறுவனமும் விளக்கம் தந்தது.

தமிழாசிரியர்களுக்கு இது பழகிய நோயாயிற்றே! மாதிரிக் கட்டுரையை மனனம் செய்து, அழகான மரபுத்தொடர்களை அடுக்கி எழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் போடுகிறோம். ஆயினும் மனம் நிறைவதில்லை. கட்டுரை நன்றாகத்தான் இருக்கிறது. மாணவனைத்தான் அதற்குள் காணவில்லை. கைப்பேசி தரும் நிலாவும் அப்படிப்பட்ட மனனக் கட்டுரையே. பிள்ளை தானே எடுத்த நிலா மங்கலாக இருக்கலாம். வெறும் வெள்ளைப் பொட்டாகவும் வரலாம். "ஏன் இப்படி வந்தது, ஐயா?" என்று அது கேட்கும் அந்த நொடியில்தான் கல்வி தொடங்குகிறது.

அந்தக் கேள்விக்கு விடையும் சுவையானது. நம் கண்ணுக்கு வானம் இருட்டு. ஆனால் நிலா பகல்வெயிலில் நிற்கும் ஒரு பாறை. ஐஎஸ்ஓ 100, எஃப்/11, நொடியில் 125-இல் ஒரு பங்கு என்று வைத்து எடுத்தால் முழுநிலா ஓரளவு தெளிவாகவே விழும். இதைத் தானே கண்டறிந்த பிள்ளை, நிலாவுக்குச் சொந்த ஒளி இல்லை என்பதைப் பிறகு மறக்கவே மறக்காது.

படக்கருவிக்குள் மூன்று பாடங்கள்

படக்கருவியில் பிள்ளை கற்க வேண்டியவை மூன்றே. வில்லையின் துளை எவ்வளவு திறக்கிறது, மூடுதிரை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, உணரி எவ்வளவு ஒளியுணர்வோடு இருக்கிறது என்பவையே அவை.

இவற்றுள் கணிதம் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். 1/60 பெரிதா, 1/500 பெரிதா என்று கேட்டால் 500-ஐப் பார்த்து மயங்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. நீர்க்குழாயைத் திறந்துவிட்டு 1/15 நொடியில் ஒரு படமும் 1/1000 நொடியில் ஒரு படமும் எடுக்கச் சொல்லுங்கள். முதற்படத்தில் நீர் பட்டுத்துணி போல் வழியும். இரண்டாவதில் துளித்துளியாக உறைந்து நிற்கும். பின்னத்தின் கீழெண் பெருகினால் பின்னம் சிறுக்கும் என்பதைப் பிள்ளை கண்ணாலேயே கண்டுவிடும். துளையின் கணக்கும் அவ்வாறே. 50 மில்லிமீட்டர் வில்லையில் எஃப்/2 என்றால் 50-ஐ 2-ஆல் வகுத்து 25 மில்லிமீட்டர் துளை. எஃப்/10 என்றால் 5 மில்லிமீட்டர் துளை. எண் ஏற ஏறத் துளை சிறுத்துப்போவது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

அறிவியல் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். காலியான மைலோ டின்னின் அடியில் ஊசியால் ஒரு துளையிட்டு, திறந்த வாயில் எண்ணெய்த்தாளைக் கட்டி, இருட்டறையின் சன்னல் நோக்கிப் பிடித்தால் வெளியிலுள்ள மரம் தலைகீழாகத் தெரியும். ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்பதற்கு இதனினும் மலிவான சான்று இல்லை. படக்கருவியைத் தொடுவதற்கு முன் இதைச் செய்த பிள்ளை, கருவியை மாயப்பெட்டியாக எண்ணாது.

எண்களைக் கண்டு மயங்காதீர்

கடைக்குச் சென்றால் முதலில் காதில் விழுவது மெகாபிக்சல். 24, 40, 50 என்று ஏலம் போடுவார்கள். நாம் அச்சிடும் 4-க்கு 6 அங்குலப் படத்திற்கு, நல்ல தரமான அச்சுக்கே, ஏறத்தாழ 2 மெகாபிக்சல் போதும். ஏ4 தாள் அளவுக்கு 9 மெகாபிக்சல் இருந்தால் நிறைவாக அச்சிடலாம். அறிவிப்புப் பலகையில் ஒட்டும் படத்திற்கு 50 எதற்கு?

அதைவிட முக்கியமானது உணரியின் பரப்பு. முழுச்சட்ட உணரி 36-க்கு 24 மில்லிமீட்டர். பழைய சட்டைப்பைப் படக்கருவிகள் பலவற்றில் உள்ள உணரி ஏறக்குறைய 6-க்கு 4.5 மில்லிமீட்டர்தான். பரப்பில் முப்பது மடங்கு வேறுபாடு! சிறிய கிண்ணத்தில் மழைநீர் குறைவாகத்தானே சேரும்? பகல் வெளிச்சத்தில் சிறிய உணரியும் நன்றாகவே வேலை செய்யும். மங்கிய ஒளியில் படம் முழுதும் புள்ளிபுள்ளியாக மணல் தூவியதுபோல் ஆகிவிடும்.

ஆகவே, பிள்ளை எதை விரும்பிப் பார்க்கிறது என்பதைக் கொண்டே கருவியைத் தீர்மானிக்க வேண்டும்.

பூச்சி, பூ, இலை நரம்பு என்று தரையில் குந்தும் பிள்ளைக்கு, மிக அருகில் குவியும் சிறு கருவி ஏற்றது. ஒலிம்பஸ் நிறுவனத்தின் டிஜி வரிசையில் 2019-இல் வந்த டிஜி-6, ஒரு சென்டிமீட்டர் தூரத்திலும் குவியும். நீரில் விழுந்தாலும் கெடாது. பிள்ளைகளின் கைக்கு இது பெரிய வரம்.

மைனாவையும் மீன்கொத்தியையும் துரத்தும் பிள்ளைக்கு நெடுந்தொலைவு ஜூம் வேண்டும். அதற்காக 2018-இல் வந்த நிக்கான் பி1000 போன்ற, 3000 மில்லிமீட்டருக்கு இணையாக நீளும் கருவியை வாங்கிவிடாதீர்கள். அதன் எடை 1.4 கிலோ. பத்து வயதுப் பிள்ளையின் கையில் அது நடுங்கிக்கொண்டே இருக்கும். 600 மில்லிமீட்டருக்கு இணையான ஜூம் உள்ள, எடை குறைந்த கருவியே தாராளம்.

தைப்பூசத்தன்று விடியுமுன் பத்துமலையில் காவடிகளை எடுக்க ஆசைப்படும் பிள்ளைக்கு வேண்டியது ஒளி. வில்லை மாற்றும் பழைய கருவியில் 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 வில்லையைப் பொருத்தினால், கூடவே வரும் சாதாரண வில்லையின் எஃப்/5.6 துளையைக் காட்டிலும் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி உள்ளே வரும். விலையும் எளியதே.

எந்தக் கருவியாலும் எடுக்க முடியாத காட்சிகளும் உண்டு. கோலசிலாங்கூர், கம்போங் குவாந்தான் ஆற்றோர மரங்களில் மின்மினிகள் ஒன்றாகக் கண்சிமிட்டுவதை ஆடும் படகிலிருந்து எடுப்பது அரிது; பிளாஷ் அடிப்பதற்கும் அங்கே தடை. அங்கே கருவியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணால் பார்க்கப் பழக்குவதும் நம் கடமையே.

பழையதே போதும்

1900-ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனம் பிரவுனி என்ற படக்கருவியைச் சிறுவர்களையும் மனத்தில் வைத்து வெளியிட்டது. அட்டைப்பெட்டியால் ஆனது, விலை ஒரு டாலர். ஆறு படங்கள் எடுக்கும் சுருள் 15 காசு. நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிள்ளைகளை நம்பிக் கருவியைக் கொடுத்திருக்கிறார்கள்! இன்று அதற்கு இணையானது எது?

ஜப்பானின் படக்கருவி உற்பத்தியாளர் சங்கக் கணக்குப்படி, 2010-இல் 120 மில்லியனுக்கும் மேற்பட்ட மின்னியல் படக்கருவிகள் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2023-இல் அது 8 மில்லியனுக்கும் கீழே இறங்கிவிட்டது. கைப்பேசி வந்ததும் அந்தப் பழைய கருவிகள் எங்கே போயின? உங்கள் வீட்டு மேசை இழுப்பறையிலும் அலமாரியிலும்தான் உறங்குகின்றன. 2006-இல் வந்த நிக்கான் டி40, 2008-இல் வந்த கெனான் 1000டி போன்றவை இன்றும் கற்பதற்கு உகந்தவை. முதலாவதில் 6 மெகாபிக்சல், அடுத்ததில் 10.

வாங்குமுன் மூன்றைச் சரிபாருங்கள். நினைவட்டை இன்னும் கிடைக்கும் வகையா? (எக்ஸ்டி அட்டைக் கருவிகளைத் தவிர்த்துவிடுங்கள், அவ்வட்டைகளை இப்போது எவரும் தயாரிப்பதில்லை.) மின்கலம் கிடைக்குமா? வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்திவலை போன்ற பூஞ்சை தெரிகிறதா? நம் நாட்டின் ஈரக்காற்றில் பூஞ்சைதான் பெரும்பகை. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் இருந்தால் அதைத் தடுத்துவிடலாம்.

பள்ளி செய்ய வேண்டியது

இங்கேதான் என் உண்மையான கவலை தொடங்குகிறது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட நம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை தோட்டப்புறங்களில் தோன்றியவை. ரப்பர் மரம் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புத் திட்டமாகி, பள்ளிகள் பல இடம்பெயர்ந்துவிட்டன. தோட்டத்தின் பெயர் மட்டும் பள்ளிப் பெயர்ப்பலகையில் எஞ்சி நிற்கிறது. அந்தக் காலத்து வகுப்புப் படங்கள் பழுப்பேறியாவது நம்மிடம் இருக்கின்றன. இன்றைய பள்ளிவாழ்வின் படங்கள் எங்கே? ஆசிரியர்களின் கைப்பேசிகளில் கிடக்கின்றன. ஆசிரியர் மாற்றலாகிப் போனால் படங்களும் அவரோடு போகின்றன. கைப்பேசி பழுதானால் அதுவும் இல்லை. ஆயிரக்கணக்கில் படம் எடுக்கும் தலைமுறை, தன் பள்ளிக்கு ஓர் ஆல்பத்தைக்கூட விட்டுச்செல்லாமல் போகலாம்.

ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு நான் முன்வைக்கும் யோசனை இது:

1. வீட்டில் உறங்கும் படக்கருவிகளைப் பள்ளிக்குக் கேளுங்கள். இரண்டு மூன்று கருவிகள் தேறினால் புறப்பாட நடவடிக்கையில் ஒரு படக்கழகம் தொடங்கிவிடலாம்.

2. ஒரு மாணவருக்கு ஒரு வாரத்தில் ஆறே படங்கள் என்று வரையறுங்கள். அளவு குறைந்தால் பார்வை கூர்மையாகும்.

3. ஒவ்வொரு படத்திற்கும் ஐந்து வரிகள் தமிழில் எழுதச் சொல்லுங்கள். "எழுத ஒன்றுமில்லை" என்று பேனாவைக் கடிக்கும் பிள்ளையும் தான் எடுத்த படத்தைப் பற்றி எழுதும்.

4. ஆண்டுக்கு ஐம்பது படங்களையாவது அச்சிட்டு, நாள், இடம், பெயர் குறித்து நூலகத்தில் வையுங்கள். சிற்றுண்டிச்சாலை அம்மா, தோட்டக்காரர், பழைய மாமரம் எல்லாம் அதில் இடம்பெறட்டும்.

5. பிறர் முகத்தை எடுக்குமுன் கேட்க வேண்டும், பெற்றோர் ஒப்புதலின்றி எந்தப் பிள்ளையின் படத்தையும் இணையத்தில் ஏற்றக்கூடாது என்பவற்றை முதல் நாளிலேயே விதியாக்குங்கள். இணைய வசதியில்லாத பழைய கருவி இதற்கும் துணை செய்யும். ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக அமர்ந்து பார்க்கும்வரை படம் அட்டைக்குள்ளேயே இருக்கும்.

"பிள்ளைகள் உடைத்துவிடுவார்களே!" என்ற அச்சம் எழலாம். உடையலாம்தான். கழுத்துப்பட்டையை மாட்டிய பிறகே கருவியைத் தொடவேண்டும் என்ற ஒரே பழக்கம் பெரும்பாலான விபத்துகளைத் தடுத்துவிடும். அதையும் மீறி ஒன்று உடைந்தால், இழுப்பறையில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பொருள் சில பிள்ளைகளுக்குப் பயன்பட்டபின் உடைந்தது என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.

எனவே, பெற்றோர்களே, இந்த விடுமுறையில் கடைக்குப் புறப்படுமுன் வீட்டு இழுப்பறையை ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே கிடக்கும் பழைய கருவிக்கு மின்னேற்றம் செய்து பிள்ளையின் கையில் கொடுங்கள். ஆறு படங்கள் எடுத்து வரட்டும். ஒவ்வொன்றையும் ஏன் எடுத்தது என்று கேளுங்கள். அது சொல்லும் பதிலிலிருந்தே, அடுத்து எந்தக் கருவி வேண்டும், அல்லது வேண்டவே வேண்டாம் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.