எதிரே தெரிந்த தீவு

கடந்த பள்ளி விடுமுறையில் சுங்கை வேயிலிருந்து அப்பாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பினாங்கு போயிருந்தோம். குவீன்ஸ்பே பேரங்காடிக்கு எதிரே கடலோரத்தில் நின்றபோது, அப்பா எதிரே தெரிந்த பச்சைத் தீவைக் காட்டினார்.

"எங்கப்பா மலாயாவுல முதல்ல கால் வச்சது அங்கதாம்மா."

அதுதான் ஜெரெஜாக் தீவு. பினாங்கின் இரண்டு பாலங்களுக்கும் இடையில் இருக்கிறது. பரப்பளவு சுமார் 362 ஹெக்டர்தான். ஆனால், அதன் கதை பெரியது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேயர்கள் அங்கே தொழுநோயாளிகளுக்கு ஓர் இல்லம் அமைத்தார்கள். நம் சுங்கை பூலோ குடியிருப்பு 1930இல் வருவதற்கு வெகு காலம் முன்பே அது இருந்தது. பிறகு நோய்த்தடுப்பு முகாமும் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த கப்பலில் அம்மையோ காலராவோ தென்பட்டால், தோட்டத்துக்குப் போகவேண்டியவர்கள் முதலில் இந்தத் தீவில் காத்திருக்க வேண்டும். கோவிட் காலத்தில் நாம் பட்ட தனிமையை அவர்கள் கைப்பேசி இல்லாமல், ஊர் பெயர் தெரியாத மண்ணில் பட்டார்கள்.

ரஷ்ய மாலுமிகளுக்கான நினைவுச்சின்னமும் அங்கே உண்டு. 1914 செப்டம்பரில் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய அதே எம்டன் கப்பல், அக்டோபர் 28இல் பினாங்கு துறைமுகத்தில் 'செம்சுக்' என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. அதில் மாண்டவர்களுக்கானது அது. 1969 முதல் 1993 வரை தீவு சிறையாகவும் இருந்தது.

இவ்வளவும் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. தாத்தா அங்கே எத்தனை நாள் இருந்தார், யாரோடு இருந்தார், என்ன சாப்பிட்டார்? அப்பாவுக்குத் தெரியவில்லை. பாட்டிக்குத் தெரிந்திருக்கும். நான் வானொலியில் சேர்ந்த பிறகும் மூன்று ஆண்டுகள் பாட்டி உயிரோடு இருந்தார். ஊரார் குரலையெல்லாம் பதிவு செய்தேன். பாட்டியிடம் ஒலிவாங்கியை நீட்ட மட்டும் தோன்றவில்லை.

அன்றிரவு தங்கும் விடுதியில் அப்பாவை உட்கார வைத்து, கைப்பேசியில் நாற்பது நிமிடம் பதிவு செய்தேன். "இதையெல்லாம் யாரும்மா கேக்கப் போறா?" என்றார். பக்கத்தில் என் மகன் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

இந்த ஞாயிறு உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் இருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: நம் குடும்பம் முதலில் எங்கே இறங்கியது?