மழை அறிக்கையும் ஒரு கணக்குப் புத்தகமே

டொலர் இரண்டு ரூபா ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் பஸார் முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. ஒரு சாமானுக்கு வரி கூடப்போகிறது என்றால் வர்த்தமானி வெளிவருமுன்னரே நமக்குச் செய்தி வந்துவிடுகிறது. ஆனால் மாரி தொடங்குமுன் வளிமண்டலவியல் திணைக்களம் தரும் பருவகால மழை எதிர்வுகூறலை நம்மில் எத்தனை வியாபாரிகள் வாசிக்கிறோம்? "அது கமக்காரனுக்கு உரியது" என்று ஒதுக்கிவிடுகிறோம். மழை அல்லாஹ்வின் நாட்டம், அறிக்கை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கடைக்குப் பூட்டுப் போடும்போது அவர்கள் அப்படிக் கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்து வியாபாரிக்கு இந்த அறிக்கை டொலர் விலைக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல. சோளகக் காற்று அடங்கி, வாடைக் காற்றுக்குக் காத்திருக்கும் நாட்கள் இவை. நமது வருட மழையில் பாதிக்கும் மேல் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களுக்குள் பெய்து முடிகிறது. குடாநாட்டில் மலையும் இல்லை, வருடம் முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் இந்த மழைதான் அடுத்த கோடையில் நமது கிணற்றுத் தண்ணீர். காலபோக நெல்லும் இதை நம்பியே விதைக்கப்படுகிறது. ஆகவே மழை குறைந்தாலும் நட்டம், அளவு மீறினாலும் நட்டம். நெல் அழிந்தால் தை, மாசியில் கமக்காரன் நம் கடன் கொப்பியைத் தீர்ப்பது எப்படி? நாட்கணக்காகக் கடலுக்குப் போகாத மீனவரின் வீட்டார் நம் கடைக்கு எதைக் கொண்டு வருவார்கள்?

அறிக்கையை வாசிப்பவர்களும் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். முதலாவது, "சாதாரண அளவு மழை" என்ற சொல். சாதாரணம் என்றால் பயமில்லை என்று நினைக்கிறோம். யாழ்ப்பாணத்தில் நவம்பர் மாதத்துச் சாதாரண மழையே பெருமழை என்பதை மறந்துவிடுகிறோம். பொம்மைவெளி, நாவாந்துறை போன்ற தாழ்ந்த பகுதிகளில் முற்றத்துக்குத் தண்ணீர் வருவதற்குச் சாதாரண மழையே போதும்.

இரண்டாவது, வீதக் கணக்கு. பருவகால அறிக்கை மழை கூடுமா, சாதாரணமா, குறையுமா என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வீதம் வாய்ப்பு என்று சொல்லும். உதாரணத்துக்கு, கூடுவதற்கு 50, சாதாரணத்துக்கு 30, குறைவதற்கு 20 என்று இருந்தால், இப்படிப்பட்ட பத்து வருடங்களில் ஐந்தில் மழை கூடும், இரண்டில் குறையும் என்பதே கருத்து. அந்த இரண்டில் ஒன்று நமக்கு வாய்த்துவிட்டால் "பொய் சொல்லிவிட்டார்கள்" என்கிறோம். பத்துப் பேருக்குக் கடன் கொடுத்தால் இரண்டு பேர் இழுத்தடிப்பார்கள் என்று தெரிந்தே வியாபாரம் செய்யும் நமக்கு இந்தக் கணக்கு விளங்காததல்ல.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பருவகால அறிக்கை மூன்று மாத மொத்த மழையைப் பற்றியது. நம்மைக் கவிழ்ப்பதோ இரண்டு நாள் மழை. பசிபிக் சமுத்திரம் குளிரும் லா நினா வருடங்களில் நமது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை குறையும் வாய்ப்பு அதிகம் என்பது பொதுவான கணிப்பு. ஆனால் புரெவி வந்த 2020உம், டித்வா வந்த 2025உம் லா நினா வருடங்களே. டித்வாவில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஆகவே மொத்தம் குறையும் என்ற செய்தி, புயல் வராது என்ற உத்தரவாதமாகாது.

திகதிகளையும் பாருங்கள். யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் மூழ்கடித்த நிஷா 2008 நவம்பர் கடைசி வாரம். புரெவி 2020 டிசம்பர் முதல் வாரம். பெங்கல் 2024 நவம்பர் கடைசி வாரம். டித்வா 2025 நவம்பர் கடைசி வாரம். புயலுக்கு நாட்காட்டி கிடையாது. தனுஷ்கோடியை அழித்து மன்னாரையும் தாக்கிய 1964ஆம் ஆண்டுப் புயல் டிசம்பர் 22, 23இல் வந்தது. என்றாலும் நவம்பர் கடைசியும் டிசம்பர் தொடக்கமும் நமக்கு ஆபத்தான நாட்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இப்போது உங்கள் செக் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். தீபாவளிச் சரக்குக்கும் நத்தார்ச் சரக்குக்கும் கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக்குகளில் எத்தனை நவம்பர் 30, டிசம்பர் 5 என்று திகதி போட்டவை? கடை பூட்டியிருக்கும், வீதியில் தண்ணீர் நிற்கும், சரக்கு நனைந்திருக்கும்; ஆனால் செக் வங்கிக்குப் போய்விடும். வெள்ளத்தில் போன சரக்கை ஒரு வருடத்தில் மீட்கலாம். திரும்பிய செக்கினால் போன நம்பிக்கையை மீட்கப் பல வருடங்கள் செல்லும். சிறு வியாபாரி வீழ்வது இந்த இடத்தில்தான்.

நான் இரும்புச் சாமானும் சீமெந்தும் விற்பவன். மாரிக்கு முன் மொத்த வியாபாரியிடம் செக் திகதியைப் பேசி, ஒன்றை நவம்பர் 15க்கு முன்னரும் மற்றதை டிசம்பர் 20க்குப் பின்னரும் போடுகிறேன். முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் திரும்பும் செக்கைவிடப் பிந்தும் செக் நல்லது என்பது அவர்களுக்கும் தெரியும். சீமெந்தை நவம்பரில் ஒரே லொறியில் இறக்குவதில்லை; மழையில் கட்டட வேலை நின்றால் வாங்க ஆளிருக்காது, ஈரம் பட்டால் மூட்டை கல்லாகிவிடும். அதற்குப் பதிலாகத் தரப்பாளும் கூரைத் தகரமும் ஒக்டோபரிலேயே கடையில் இருக்க வேண்டும்.

புடைவைக் கடைக்காரர் அடித்தட்டுச் சரக்கை மேலே ஏற்றலாம். களஞ்சியத்தில் மூட்டைகளைப் பலகை அடுக்கி உயர்த்தி வைக்கலாம். காப்புறுதி அல்லது தகாபுல் எடுத்திருப்பவர்கள், தீக்கு மட்டுமா, வெள்ளத்துக்கும் புயலுக்கும் சேர்த்தா என்று பத்திரத்தை இப்போதே வாசிக்க வேண்டும். கொழும்புக்கு லொறி அனுப்புமுன் அன்றைய எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். டித்வாவின்போது புத்தளம் - அநுராதபுரம் வீதியில், கலா ஓயாவில் அகப்பட்ட பஸ் பயணிகளைக் கடற்படையினர் மீட்டதை மறந்துவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117இல் அழைத்துக் கேட்கலாம். யாழ். பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் நாகமுத்து பிரதீபராஜா போன்றவர்கள் வடக்கின் வானிலையைத் தமிழிலேயே எழுதி வருகிறார்கள். மொழி தெரியாது என்று சாட்டுச் சொல்லவும் இடமில்லை.

தனி வியாபாரியால் முடியாதவையும் உண்டு. அடைபட்ட வாய்க்கால்களை முதல் பெருமழைக்கு முன் துப்புரவாக்குவது மாநகர சபையின் கடமை; அதை நேரத்துக்குக் கேட்டுப் பெறுவது வர்த்தகச் சங்கங்களின் கடமை. வெள்ளம் வந்தபின் நிவாரணப் பட்டியல் எழுதக் கூடும் சங்கம், மழைக்கு முன் ஒரு மாலை கூடி அந்த அறிக்கையை வாசித்து விளக்கினால் என்ன? கொழும்பில் உள்ள நமது மொத்த வியாபாரிகளும் வடக்குக்கு அனுப்பும் சரக்குக்கு அந்த இரண்டு வாரத்தைத் தவிர்த்துத் தவணை கொடுப்பதை ஒரு வழக்கமாக்கினால், அவர்களுடைய பணத்துக்கும் அது பாதுகாப்பு.

மழையை நிறுத்த நம்மால் முடியாது. செக்கில் எந்தத் திகதி போடுவது என்பது நம் கையில் இருக்கிறது. ஒக்டோபர் முடியுமுன் அதைச் செய்துவிடுங்கள்.