பின்பற்றும் உரிமை

அண்மையில் ஒரு கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் உடை குறித்த சுற்றறிக்கை ஒன்றைக் கண்டேன். மாணவியர் நாகரிக மோகத்தைத் தவிர்த்து, இந்தியப் பண்பாட்டுக்கு உகந்த உடையில் வர வேண்டுமாம். புடவையும் துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரும் உகந்தவை. மாணவர்களுக்கு அப்படியொரு பத்தி இல்லை என்பதை இங்கே குறித்து மட்டும் வைக்கிறேன்.

நம் தாய்மார்களின் தலைமுறையில் சுடிதாரே வடநாட்டு மோகம் எனப் பழிக்கப்பட்டது. இந்தியில் அச்சொல் கணுக்காலருகே வளையல் அடுக்கைப் போல மடிப்பு விழும் காற்சட்டையை மட்டுமே குறிக்கும். தமிழும் மலையாளமும் மேற்சட்டையையும் சேர்த்து முழு உடைக்கும் அதைப் பெயராக்கிக்கொண்டன. கடன் வாங்கிப் பொருளை விரித்துக்கொண்ட ஒரு சொல், அது குறித்த உடையோடு சேர்ந்து இன்று பண்பாட்டின் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

புடவையின் கதையும் பெரிதும் வேறன்று. முன்கொசுவம், இடத்தோளில் முந்தானை, ரவிக்கை, உள்பாவாடை ஆகியவை சேர்ந்த இன்றைய பொதுக்கட்டு பரவியதில் ஞானதானந்தினி தேவிக்குப் பெரும்பங்கு உண்டு. ஐ.சி.எஸ். தேர்வில் வென்ற முதல் இந்தியரான சத்யேந்திரநாத் தாகூரின் மனைவி அவர். 1860களில் கணவருடன் பம்பாய் மாகாணத்துக்குச் சென்றவர், அங்கே பார்சிப் பெண்கள் உடுத்தும் முறையைக் கண்டு, தமக்கேற்ப மாற்றி வங்கத்துக்குக் கொண்டுவந்தார். பிரம்ம சமாஜப் பெண்கள் ஏற்று அணிந்ததால் அது ‘பிராமிகா சாரி’ எனப் பெயர் பெற்றது. ‘ஜாக்கெட்’, ‘பிளவுஸ்’ இரண்டும் ஆங்கிலம். உள்பாவாடையை வங்காளிகள் அழைக்கும் ‘சாயா’ போர்ச்சுகீசியம்.

இன்றைய மரபு நேற்றைய மோஸ்தரே என்று சொல்லி இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வது வழக்கம். எனக்கு அது போதவில்லை.

ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மெல், 1904இல் வெளிவந்த மோஸ்தர் குறித்த கட்டுரையில் ஓர் இயக்கத்தை விளக்கினார். மேல்தட்டினர் ஒரு பாணியைக் கைக்கொள்வர். கீழிருப்போர் அதைப் பின்பற்றத் தொடங்கியதும் அதைக் கைவிட்டு வேறொன்றுக்கு நகர்வர். நம் வகுப்பறைகளில் இது இந்தியாவுக்கும் அப்படியே பொருந்துவதுபோல் ஒப்பிக்கப்படுகிறது. பொருந்தாது. சாதிச் சமூகத்தில் மேலிருப்பவர் விலகிச் செல்வதைவிடப் பின்பற்றுபவரைத் தடுப்பதே அதிகம்.

திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததற்காகப் பல பத்தாண்டுகள் தாக்கப்பட்டனர். போராட்டத்துக்குப் பணிந்து 1859இல் வெளியான அரச அறிவிப்பு அவர்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்றும் விதித்தது. நிதானித்துப் படிக்க வேண்டியது அந்த நிபந்தனையைத்தான். துணி அனுமதிக்கப்பட்டது, ஒப்புமை அனுமதிக்கப்படவில்லை. 2017இல் குஜராத்தில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்ட செய்தி வந்தபோது, தலித் இளைஞர் பலர் தம் மீசையைப் படமெடுத்து வாட்ஸ்அப் முகப்பில் வைத்தனர். சிம்மெலின் கட்டுரையைக் கொண்டு மட்டும் அந்தப் படங்களை விளக்கிவிட முடியாது.

அடி விழாத இடத்தில் கேலி அந்த வேலையைச் செய்கிறது. சென்னையின் பேச்சுமொழியில் ‘பிள்ளைகள்’ என்பது ‘புள்ளிங்கோ’ ஆயிற்று; பிறகு அதுவே, முடிக்குச் சாயமேற்றி ஒரு பக்கம் ஒட்ட வெட்டிக்கொண்ட எளிய வீட்டுப் பையனை இகழும் பெயராயிற்று. அதே சாயம் குளிரூட்டப்பட்ட அழகு நிலையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குப் பூசப்பட்டால் ரசனை எனப்படுகிறது. சொற்பொருள் இழிவடைதலுக்கு எடுத்துக்காட்டாக இச்சொல்லை வகுப்பில் நானே சிரித்துக்கொண்டு சொன்னதுண்டு. அந்த வகுப்பில் எவரேனும் அப்படி முடி வெட்டியிருந்தனரா என்று பார்க்கத் தோன்றவில்லை.

மோஸ்தரை ஆய்வுக்கு எடுக்கும் நண்பர்கள் விற்பனைக் கணக்கையும் இன்ஸ்டாகிராம் எண்ணிக்கையையும் திரட்டுகிறார்கள். தண்டனைக் கணக்கையும் திரட்டலாம். எந்த முடிவெட்டுக்காக எந்தப் பள்ளியில் யார் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டார், எந்த ஊரில் எந்தத் தெருவைக் கடக்கும்போது ஒருவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருக்கிறது என்பவற்றிலிருந்து தொடங்கலாம்.