‘4-கே’ என்று சொல்லி 2 ஆயிரத்துக்கு விற்பனை: கார் கேமரா வாங்குகிறவர்களே, உஷார்!

ஸ்ரீவில்லிபுத்தூர்,

மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோவிலுக்கு வந்து நிற்கும் கார்களின் முன்கண்ணாடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பிள்ளையார் பொம்மைக்கு மேலே, நடுக்கண்ணாடிக்குப் பின்னால், கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி ஒட்டிக்கொண்டு இருக்கும்.

அதன் பெயர் ‘டேஷ் கேமரா’.

சாவியைத் திருகியதும் அது விழித்துக்கொள்ளும். வண்டி நிற்கும்வரை எதிரே நடப்பதை எல்லாம் படம் பிடித்துக்கொண்டே இருக்கும். பணக்காரர் கார்களில் மட்டும் இருந்த இந்தச் சாமான் இப்போது வாடகைக் கார், லோடு வேன், மில் வேன் என்று எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. தனியார் காரில் கட்டாயம் மாட்ட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இருந்தும் ஜனங்கள் காசு போட்டு வாங்குகிறார்கள்.

காரணம், பயம்.

“கார்காரன்தான் இடிச்சான்!”

திருமங்கலத்தில் புறப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் போகிறது 744-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. கேரளா போகும் லாரிகளும், பஞ்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன்களும், பால்கோவா வாங்க ஓரம் கட்டும் கார்களும் இந்த ஒரே ரோட்டில்தான். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை வண்டிகளும் சேர்ந்துகொள்ளும்.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ராத்திரி 8 மணி. முன்னால் போகும் மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே நாய் ஒன்று பாய்கிறது. (ராஜபாளையம் நாய்க்குப் பேர் போன ஊர்தான். ஆனால் ரோட்டில் பாய்வது என்னவோ தெரு நாய்!) மோட்டார் சைக்கிள் சாய்கிறது. பின்னால் வந்த கார் பிரேக் போட்டு, ஒரு அடி தள்ளி நின்றுவிடுகிறது. அடுத்த நிமிடம் கூட்டம் கூடுகிறது. விழுந்தவர் கீழே, கார் மேலே. நாயைக் காணோம்.

“கார்காரன்தான் இடிச்சான்!”

சொன்னவர் யார் என்று பிறகு தேடினால் கிடைக்க மாட்டார். ஆனால் அந்த ஒரு வார்த்தை முதல் தகவல் அறிக்கையில் ஏறிவிட்டால், வழக்கு முடிகிறவரை அது காரோட்டியின் தலைமேல் தொங்கும்.

மாவட்டத்தின் தலைநகர் விருதுநகர் என்றாலும், மாவட்டக் கோர்ட்டு இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். விபத்து நஷ்டஈட்டு வழக்குக்காக பஸ் ஏறி வருகிறவர்களைக் கேட்டால் தெரியும். “இவர் மேலும் தப்பு இருக்கிறது” என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால் அந்த அளவுக்குப் பணம் குறையும். 10 லட்சம் வரவேண்டிய இடத்தில் 30 சதவீதத் தப்பு என்றால் கையில் வருவது 7 லட்சம்தான்.

2 லட்சமா, முழு நஷ்டஈடா?

அடிபட்டவன் பக்கமும் இருக்கிறது. அதைக் கேமரா விற்கிறவர்கள் யாரும் சொல்வது இல்லை.

இடித்துவிட்டுப் பறந்த வண்டி எது என்று தெரியாவிட்டால், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். பலத்த காயம் என்றால் 50 ஆயிரம். 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் இதுதான் கணக்கு. (அதற்கு முன்பு 25 ஆயிரமும் 12,500-ம்தான்!) வருவாய்த்துறை அதிகாரியிடம் மனுக் கொடுத்து வாங்க வேண்டும்.

வண்டியின் நம்பர் தெரிந்துவிட்டால் கதையே வேறு. அந்த வண்டியின் இன்சூரன்சு கம்பெனி மீது வழக்குப் போடலாம். இறந்தவரின் வயது, சம்பளம், அவரை நம்பி இருந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்து நஷ்டஈடு தருவார்கள். சம்பாதிக்கும் வயதுக்காரர் என்றால் அது 2 லட்சத்தைப்போலப் பல மடங்கு.

ஆகவே கேமரா வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: “ராத்திரியில் நம்பர் பிளேட் தெரியுமா?”

அதை விட்டுவிட்டு எல்லோரும் கேட்பது ‘4-கே’யை!

அட்டைப்பெட்டிப் புளுகு

கடைகளில் தினமும் நடக்கிற பேச்சு இது.

“அண்ணாச்சி, ரெண்டாயிரத்துக்குள்ள நல்லதா ஒண்ணு குடுங்க.”

“இதைக் கொண்டு போங்க தம்பி. 4-கே! சினிமா மாதிரி இருக்கும்.”

இருக்காது. கேமராவின் உள்ளே ‘சென்சார்’ என்று ஒரு சில்லு உண்டு. அதுதான் கேமராவின் விழி. உண்மையான 4-கே படத்துக்கு 80 லட்சம் புள்ளிகள் பிடிக்கும் சில்லு வேண்டும். விலை குறைந்த பல கேமராக்களில் இருப்பது 20 லட்சம் புள்ளிச் சில்லு. அது எடுக்கும் படத்தை உள்ளே இருக்கும் மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கி ‘4-கே’ என்று முத்திரை குத்துகிறது. பாலில் தண்ணீர் ஊற்றி லிட்டரைக் கூட்டுகிற வேலைதான்! படம் பெரிதாகும், நம்பர் தெளிவாகாது.

சில்லின் பெயரைக் கேளுங்கள். சோனி கம்பெனியின் ‘ஸ்டார்விஸ்’ வகைச் சில்லுகள் மங்கிய வெளிச்சத்துக்கு என்றே செய்யப்பட்டவை. அதில் ஐ.எம்.எக்ஸ். 307 என்பது 20 லட்சம் புள்ளி. ஐ.எம்.எக்ஸ். 335 என்பது 50 லட்சம். 415-தான் உண்மையான 4-கே. பெட்டியில் சில்லின் பெயரே இல்லை, ‘4-கே’ மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள்.

லென்சு பக்கத்தில் ‘எப்’ என்று ஒரு எண் இருக்கும். எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகமாக உள்ளே வரும். 1.8 நல்லது. 2.4 என்றால் ராத்திரியில் திண்டாடும்.

எவ்வளவு கொட்டி வாங்கினாலும் எந்தக் கேமராவுக்கும் ஒரு எல்லை உண்டு. 60 கிலோ மீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. இருட்டில் கேமரா ஒரு படத்துக்கு 30-ல் ஒரு பங்கு வினாடி கண்ணைத் திறந்து வைத்தால், அதற்குள் வண்டி அரை மீட்டர் நகர்ந்துவிடும். கார் நம்பர் பிளேட்டின் நீளமே அரை மீட்டர்தான்! பக்கவாட்டில் சீறிக்கொண்டு கடக்கிற வண்டியின் நம்பர் கோடு கோடாகத் தெரிவது இதனால்தான்.

இதற்குக் காசு செலவு இல்லாத ஒரு வழி இருக்கிறது. கேமராவின் மைக்கை அணைக்காமல் வையுங்கள். இடித்துவிட்டு ஓடுகிற வண்டியின் நம்பர் கண்ணில் பட்டதும் வாய்விட்டு உரக்கப் படியுங்கள்: “டி.என். 84...” என்று. படத்தில் தெரியாத நம்பர் குரலில் பதிவாகிவிடும். வாடகைக் கார்க்காரர்கள் மட்டும், பேச்சும் பதிவாகிறது என்று சவாரி ஏறுகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

சித்திரை வெயிலில் வீங்கும் பேட்டரி

நம் ஊருக்கு இது முக்கியம்.

கேமரா இருப்பது வெயில் நேராக அடிக்கும் முன்கண்ணாடியில். கதவை மூடிவிட்டுக் கோவில் வாசலில் காரை 2 மணி நேரம் வெயிலில் நிறுத்தினால் அந்த இடத்தில் சூடு 60 டிகிரியைத் தாண்டிவிடும். மலிவான கேமராக்களின் உள்ளே இருப்பது செல்போனில் உள்ளதுபோல லித்தியம் பேட்டரி. அந்தச் சூட்டில் அது வீங்கும். ஒரு கோடை, மிஞ்சினால் இரண்டு கோடை. அப்புறம் கேமரா நினைத்தபோது ஓடும், நினைத்தபோது படுத்துக்கொள்ளும்.

பேட்டரிக்குப் பதிலாக ‘கெப்பாசிட்டர்’ வைத்த கேமராக்கள் உண்டு. கரண்டு நின்றதும் கடைசிப் படத்தைச் சேமித்துவிட்டு அணைய, சில வினாடிக்கு வேண்டிய மின்சாரத்தை மட்டும் அது வைத்திருக்கும். வெயிலைத் தாங்கும். 3 ஆயிரம், 4 ஆயிரம் ரூபாயிலேயே இந்த வகை கிடைக்கிறது. ‘சூப்பர் கெப்பாசிட்டர்’ என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 4-கே-யைவிட இதுதான் முக்கியம்.

பழைய செல்போனைக் கேமராவாக மாட்டலாமே என்று யோசிப்பவர்களுக்கும் இதே பதில்தான். அதில் இருப்பதும் பேட்டரி.

எமன் மெமரி கார்டில்!

கேமரா நன்றாகத்தான் இருக்கும். கார்டு செத்துப்போய் இருக்கும். அதிகம் பேர் ஏமாறுவது இங்கே.

கார்டு நிரம்பியதும் பழைய படத்தை அழித்துவிட்டு அதன்மேல் புதியதை எழுதுவது கேமராவின் வழக்கம். 32 ஜி.பி. கார்டில் சாதாரண 1080 படம் சுமார் 4 மணி நேரம் நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து சென்னைக்குப் போகிறவர் செங்கல்பட்டைத் தாண்டும்போது, மதுரையில் நடந்தது கார்டில் இருக்காது. 64 ஜி.பி.யாவது வேண்டும்.

தினம் 12 மணி நேரம் ஓடும் வாடகைக் காரில் 32 ஜி.பி. கார்டு நாளைக்கு 3 தடவை நிரம்பி அழிகிறது. வருடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல்! சாதா கார்டு அதற்குச் செய்யப்பட்டது அல்ல. ‘ஹை எண்டியூரன்ஸ்’ என்று எழுதிய கார்டு சில நூறு ரூபாய் கூடுதல். அதை வாங்குங்கள். கேமராவில் 500 ரூபாய் மிச்சம் பிடித்து கார்டில் போட்டாலும் தப்பில்லை.

போலிக் கார்டுகளும் உலாவுகின்றன. 128 என்று காட்டும், உள்ளே 16-தான் இருக்கும். ‘கேமராவோடு கார்டு இலவசம்’ என்றால் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு முழுவதும் நிரப்பி, திறந்து பார்த்துவிட்டு நம்புங்கள்.

மற்றபடி பின்பக்கக் கேமரா, செல்போன் இணைப்பு, ஜி.பி.எஸ். எல்லாம் வசதியைப் பொறுத்தது. நிறுத்திய வண்டியைக் காவல் காக்கும் ‘பார்க்கிங்’ வசதிக்கு வண்டி பேட்டரியில் இருந்து தனி வயர் இழுக்க வேண்டும். பேட்டரி இறங்குவதற்குள் தானாக நிற்கிற அமைப்பு இல்லாவிட்டால், காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். இன்சூரன்சு கட்டணம் குறையும் என்று கடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். மூன்றாம் நபர் இன்சூரன்சுக் கட்டணம் மத்திய அரசு நிர்ணயிப்பது. கேமராவுக்கு அதில் தள்ளுபடி கிடையாது.

வாட்ஸ்-அப்பில் அனுப்பினால் போச்சு

ரஷியாவில் இந்தக் கேமரா பரவியதற்கு, பொய் விபத்து காட்டிப் பணம் பறித்த கும்பல்கள் ஒரு காரணம். 2013-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந்தேதி செல்யாபின்ஸ்க் நகரின் மேலே விண்கல் வெடித்தபோது உலகமே அதைப் பார்த்தது கார் கேமராக்களின் புண்ணியத்தில்தான். ஜெர்மனியில் ‘இது அடுத்தவர் அந்தரங்கத்தில் தலையிடுவது’ என்று வாதம் நடந்து, 2018-ம் ஆண்டு மே மாதம்தான் உரிமையியல் வழக்கில் இந்தப் படத்தை ஏற்கலாம் என்று உச்ச கோர்ட்டு சொன்னது.

நம் நாட்டில் மின்னணுச் சாட்சியம் செல்லும். ஆனால் முறை இருக்கிறது. 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி, படத்தின் நகலைக் கொடுத்தால் அதோடு சான்றிதழும் வேண்டும். ஒரு பகுதியைக் கருவிக்குப் பொறுப்பானவரும், இன்னொரு பகுதியை நிபுணரும் எழுத வேண்டும். படத்துக்கு உரிய ‘ஹாஷ்’ என்ற அடையாள எண்ணும் அதில் இருக்கும். பழைய சட்டம் இருந்த காலத்தில், 2020-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு இன்னொன்றையும் சொன்னது. மூலக் கருவியையே கொண்டுவந்து, உரிமையாளரே கூண்டில் ஏறிச் சொன்னால் சான்றிதழ் தேவை இல்லை.

எனவே விபத்து நடந்ததும், அடிபட்டவருக்கு ஆம்புலன்சு சொன்ன பிறகு, கேமராவை நிறுத்திக் கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். வீடு வரை ஓட விட்டால் மேலே மேலே எழுதிக்கொண்டே போகும். அதிர்ச்சி பட்டதும் அந்தப் படத்தைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு என்றாலும், பள்ளம் மேட்டில் குதித்ததை எல்லாம் பூட்டிப் பூட்டி கார்டு நிறைந்துவிடுகிற கேமராக்களும் உண்டு. கார்டில் இருப்பதை வெட்டாதீர்கள், பெயர் மாற்றாதீர்கள். வாட்ஸ்-அப்பில் வந்ததைக் கொண்டுபோய் ஆதாரம் என்று நீட்டாதீர்கள். அதில் போகும்போது படம் நசுங்கிவிடும். அடையாள எண்ணும் மாறிப்போகும்.

தப்பு தன்மேல் இருந்தால்? அப்போதும் கேமரா உள்ளதைத்தான் காட்டும். வண்டியைப் போலீசார் கைப்பற்றினால் கேமராவும் சேர்ந்தே போகும். பயந்துபோய் கார்டை அழித்தால், ஆதாரத்தை அழித்ததாகத் தனி வழக்கு வரும்.

ஒன்றே ஒன்று பாக்கி. கேமராவின் கடிகாரம். மலிவான கேமராக்களில் பேட்டரி தளர்ந்ததும் தேதி தாறுமாறாகிவிடும். ஐப்பசியில் நடந்த விபத்தின் படத்தில் ஜனவரி 1-ந்தேதி என்று இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம்தான். மாதம் ஒரு தடவை, பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்கும்போது திரையைப் பார்த்தால் போதும். தேதி சரியா, மணி சரியா, நேற்று ஓட்டிய படம் திறக்கிறதா?